கொடியேற்றத்துக்குப் பின் ஒரு மணி நேரம்

செம்பரம்பாக்கத்து ஊராருக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் சிங்கப்பூரில் குடியேறிவிட்ட ஊர்க்காரர் ஒருவரின் வேண்டுகோள் இது.

குடிமைக் கல்வி என்பது அரசின் அமைப்பையும் உரிமை, கடமைகளையும் அறியச் செய்வதோடு, பொதுக் காரியத்தில் பங்கெடுக்கும் பழக்கத்தையும் ஊட்டுவதாகும். ஆனால் தொடக்கப் பள்ளிகளில் இதன் முதற்பாதி மட்டுமே பாடமாகி, தேர்வில் விடையாகி, அத்தோடு முடிந்துவிடுகிறது. பிற்பாதிக்கு உரிய இடமோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினராக அமையும் அவையே கிராம சபை. அது கூடும் நாள்களுள் ஜனவரி 26உம் ஆகஸ்ட் 15உம் அடங்குவதால், பிள்ளைகள் கொடிவணக்கம் முடித்து மிட்டாயோடு வீடு திரும்பும் அதே நாளில்தான், குடிநீரும் தெருவிளக்கும் ஊராட்சியின் வரவு செலவும் பேசப்படும் அவை பெரியவர்களை மட்டும் வைத்துக் கூடுகிறது.

சிங்கப்பூரின் தொடக்கப் பள்ளிகளில் குடிமைப் பாடம் தாய்மொழியில், அதாவது தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே, நடத்தப்படுகிறது. அங்கே சொல்லப்படும் தேசிய உறுதிமொழியை 1966இல் வரைந்தவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். இராஜரத்தினம் என்பதில் தமிழர்க்குப் பெருமை உண்டு. வகுப்பறையை மாணவர்களே துப்புரவு செய்யும் வழக்கமும் அங்கு உண்டு. எனினும் துடைப்பம் எந்தச் சாதிப் பிள்ளையின் கைக்குப் போகும் என்ற கேள்விக்கு விடை காணாமல் அதனை அப்படியே இங்குக் கொண்டுவருவது அநீதியாகவே முடியும். மேலும், உறுதிமொழியும் ஒழுங்கும் நிறைந்த அந்நாட்டில் கிராம சபை போன்றதோர் அவை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அத்தகைய அவைக்கோ இங்குப் பழைய முன்மாதிரி உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், குடும்பு எனப்பட்ட பகுதிகள்தோறும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியம் எனப்பட்ட குழுக்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையை விவரிக்கின்றன. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே தேர்ந்தெடுக்கப்படும் உரிமை இருந்தது என்பதைப் பெருமை பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடுவர். ஆயினும் ஏரியைப் பேண அறுவர் கொண்ட ஏரி வாரியம் தனியே அமைக்கப்பட்டதும், அந்தத் தேர்வில் ஒரு குழந்தையின் கைக்கு இடம் இருந்ததும், ஏரியின் பெயரால் அறியப்படும் ஊருக்கு நெருக்கமான செய்திகள். 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் தொடக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றுக் கரைகள் மூழ்கியதை, அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் கணக்குப் பாடமாகவும் குடிமைப் பாடமாகவும் ஒருசேரப் படிக்கலாம்.

இதைப் படிக்கும் வகுப்பில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளரின் பிள்ளைகளும் இருக்கக்கூடும். அயல்நாட்டில் தம் பிள்ளையின் மொழிக்கு இடம் கிடைத்ததை எண்ணி மகிழும் எவருக்கும் இப்பிள்ளைகள் கண்ணில் படாமல் போகமாட்டார்கள். இங்குள்ள வாக்காளர் பட்டியலில் பெயரில்லாததால் இவர்களின் பெற்றோர் கிராம சபையின் உறுப்பினர் ஆவதில்லை. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நான்கில் மூன்று பங்கு பெற்றோரையும் பாதியளவு பெண்களையும் கொண்டு அமையப் பணிக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில், பிள்ளை அங்கே படிக்கிறது என்பதே தகுதியாவதால், ஒடியா பேசும் தாய் ஒருவரும் உறுப்பினராக அமரலாம். அவரை அழைத்து அமர்த்துவது ஊராரின் பொறுப்பு.

அவையில் வாக்களிக்கத்தான் வயது வேண்டும், ஓரமாக உட்கார்ந்து கேட்பதற்கு வேண்டியதில்லை. ஆகவே வரும் ஆகஸ்ட் 15 அன்று, மிட்டாய் கொடுத்த பிறகு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியரோடு ஒரு மணி நேரம் கிராம சபையில் அமர்த்தி, ஏரி நிரம்பும் இரவில் நீர் திறக்கும் செய்தியைத் தெருத்தெருவாக யார் வந்து, எந்தெந்த மொழியில் சொல்வார் என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியையும் பெரியவர்கள் அளிக்கும் விடையையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்குமாறு ஊரார் வேண்டப்படுகின்றனர்.