கடன் பத்திரத்தைப் படித்துக் காட்டுவோர் யார்?

மலையக வரலாற்றில் ‘துண்டு’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. அது தோளில் இடும் துண்டன்று. கடன் தொகை எழுதிய காகிதத் துண்டு. இன்ன கங்காணியும் அவருடைய ஆட்களும் தீர்க்கவேண்டிய கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. வேறொரு தோட்டத்தார் பணத்தைக் கட்டி ஆட்களைக் கொள்வர். ஆட்களோடு கடனும் மலை மாறும். கரையிலிருந்து புறப்படும்போது பெற்ற முன்பணம் எங்ஙனம் வளர்ந்தது என்பதைச் சுமந்தவர் அறியார். கணக்கேடு அவர் கையில் இல்லை, எழுத்தும் அவர்க்கு வசப்படவில்லை. 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்தது, படிக்கவியலாத காகிதம் ஒழியவில்லை. இன்று அட்டன், நுவரெலியாப் பகுதி லயங்களில் நுண்கடன் புகுந்துள்ளது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர்க்கொருவர் பிணை நிற்கின்றனர். ஒருத்தி தவணை தவறின், அயல்வீட்டாரே அவள் வாசலில் வந்து நிற்பர். அந்த நாணத்துக்கு அஞ்சி ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குகின்றாள். கையொப்பமிட்ட பத்திரத்தில் வட்டி எவ்வளவு, தண்டம் எவ்வளவு என்று கேட்டால் அவளால் விடை கூற முடிவதில்லை.

சட்டம் இல்லையா எனில், உண்டு. மிகையான வட்டியை நீதிமன்று ஆராய்வதற்கு 1918ஆம் ஆண்டின் பணங்கடன் கொடுத்தற் சட்டம் இடமளிக்கின்றது. 1941இல் கடன் இணக்கச் சட்டம் வந்தது. எனினும் அது பெரிதும் நிலத்தை ஈடு வைத்தோர்க்கே உதவுவது. லயத்து அறையில் வாழ்பவரிடம் ஈடு வைக்க நிலம் ஏது? வறியோர்க்கு வழக்குதவி செய்யச் சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. நீதிமன்றின் மொழி அறியாதவர்க்கு அரசே மொழிபெயர்ப்பு வழங்கவேண்டும் என்று அரசியலமைப்பும் கூறுகின்றது.

மறுபுறம், 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தையும் நோக்குக. குறித்த தொகைக்கு மேற்பட்ட கடனாயின், கடன் கொடுத்த நிறுவனத்தின் பத்திரங்களைக் கொண்டே நீதிமன்று முதற்கட்டளையை இடலாம். எதிர்க்க விரும்புவோர் குறித்த நாளில் தோன்றிச் சத்தியக்கடதாசி முடித்து, காரணங்காட்ட அனுமதி பெறல் வேண்டும். தபாலில் வந்த உறையைச் சுவாமி படத்தின் பின்னே செருகி வைத்தவர்க்கு அந்த நாள் தெரியாமலே கழிந்துவிடும். வழக்கு நீதிமன்றில் தோற்பதன்று, லயத்திலேயே தோற்றுவிடுகின்றது.

இங்கேதான் இளஞ் சட்டத்தரணிகளின் பணி தொடங்குகின்றது. தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் சட்டம் பயின்று வெளிவருவது நமக்குப் பெருமை. ஆயினும் புதிதாகச் சத்தியம் செய்த ஒருவர் தனியே இப்பணியைச் சுமத்தல் அரிது. எந்த வாசகம் கட்டுப்படுத்தும், எது வெறும் மிரட்டல், எங்கே இணக்கம் பேசலாம் என்பனவற்றை நூல் கற்பிப்பதில்லை. முதியோர் அருகிருந்து காட்டல் வேண்டும். ஆதலின் மூத்த சட்டத்தரணிகள் மாதத்தில் ஒருநாளேனும் இளையோரை உடன் அழைத்துக்கொண்டு, ஊதியம் கருதாது, தோட்டங்களுக்குச் செல்வாராக. ஆண்டுக்கொரு முகாமும் ஒரு புகைப்படமும் இதற்குப் போதா.

இத்தகைய உதவி கடனை ஏமாற்றக் கற்றுக்கொடுக்கும் என்பார் உளர். அது பொருந்தாது. தான் கொடுக்கவேண்டியதை அறிந்தவனே ஒழுங்காகக் கொடுப்பான்; அறியாதவன் அஞ்சி ஓடுவான், அல்லது அஞ்சி மீண்டும் கடன் வாங்குவான்.

தமிழாசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. சட்டத்தரணியின் தமிழும் லயத்துத் தாயின் தமிழும் ஒன்றல்ல. ‘பிரதிவாதி’, ‘அறவீடு’, ‘தத்துவக்காரர்’ என்பனவற்றை அவள் விளங்கும் சொற்களில் எழுதிக் கொடுத்தல் பண்டிதர்க்கு இழிவன்று. கோ. நடேசய்யர் வழக்கறிஞரல்லர்; பத்திரிகையாளர். 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய அவர், தோட்டத் தொழிலாளர்க்குரிய சட்டங்களைத் தமிழில் எழுதியும் பரப்பினார். அவர் செய்ததை இளஞ் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கூடிச் செய்தல் இன்று எளிது.

கடன் என்பதற்குக் கடமை என்றும் பொருளுண்டு. மலையகத்தார் சுமக்கும் கடனை நாம் தீர்க்கவியலாது. அவர்தம் பத்திரத்தைப் படித்துக் காட்டுவது நம் கடன். அதற்குத் தவணை கேட்டல் தகாது.