பலகை வீட்டுக்குப் போர்வை எதற்கு?

"ஒருமுறை போர்த்திவிடுங்கள், பிறகு வாழ்நாள் முழுவதும் வர்ணம் பூசும் தொல்லை இல்லை." பழைய பலகை வீட்டில் குடியிருப்போரிடம் சொல்லப்படும் வாக்கியங்களுள் இதைப்போல் கவர்ச்சியானது வேறில்லை. இதைப்போல் கேடானதும் வேறில்லை என்பது நம் கட்சி. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாழும் நண்பர்கள் பலர் இந்த முடிவின் முன்னால் நிற்கிறார்கள். நாமும் நிற்கிறோம். மெல்பேர்ணில் நாம் குடியிருக்கும் வீடு இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டப்பட்டது. அதன் மேற்குச் சுவரில் வர்ணம் செதில் செதிலாக உரிகிறது. வினைல் போர்வை விற்பவர் வந்து, அளந்து, விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உறவினர் அனைவரும் போர்த்தச் சொல்கிறார்கள். நாம் பூசப் போகிறோம். அதற்கான நியாயத்தைப் பொதுவில் வைப்பது பிறருக்கும் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறோம்.

இங்கே 'வெதர்போர்ட்' என்று அழைக்கப்படும் இவ்வீடுகளின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மரச்சட்டகம் எழுப்பி, அதன்மேல் பலகைகளைக் கிடையாக அறைகிறார்கள். மேற்பலகையின் கீழ்விளிம்பு கீழ்ப்பலகையின் மேல்விளிம்பின்மீது படிந்திருக்கும். மீனின் செதிலைப்போல மழையை வழியவிடும் அமைப்பு இது. மீறி உள்ளே புகும் சிறிது ஈரமும் பலகைகளின் இடுக்குகள் வழியே உலர்ந்துவிடும். இச்சுவர் நனையாமல் இருப்பதால் வாழ்வதில்லை. நனைந்தபின் உலர்வதால் வாழ்கிறது. வர்ணம் அதன் மேல்தோல் மட்டுமே. வெயிலுக்கும் மழைக்கும் நாம் அவ்வப்போது கொடுக்கும் பலி அது.

ஆகவே வர்ணம் உரிவதை வெறும் கேடாகக் கருதலாகாது. அது ஒரு செய்தி. கூரையோரம் உரிந்தால் பீலி அடைத்துக்கொண்டு வழிகிறதென்று பொருள். யன்னலின் கீழே உரிந்தால் அடிக்கட்டையில் நீர் தங்குகிறதென்று பொருள். குளியலறைச் சுவரின் வெளிப்புறம் கொப்பளித்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறதென்று பொருள். நிலத்தையொட்டிய பலகை உக்கினால் பூந்தோட்டத்து மண் சுவர்மேல் ஏறிவிட்டதென்று பொருள். இத்தனை செய்திகளையும் ஒரே நாளில் வாசிக்க முடியாதபடி செய்துவிட்டு, அதற்கு நம்மிடமே பணமும் கேட்பதுதான் போர்வை.

போர்வை ஈரத்தின் காரணத்தைத் தீர்ப்பதில்லை. அதன் அடையாளத்தைத்தான் மறைக்கிறது. பழைய பலகைகளின்மேல் நேராக அறையப்பட்ட வினைலுக்கோ அலுமினியத்துக்கோ பின்னால் நீர் புகுந்துவிட்டால் அது உலர வழி குறைவு. நிலத்திலிருந்து மேலேறும் கறையானின் மண்தடமும் கண்ணுக்குத் தெரியாது. சுவடி தேடி அலைந்தவர்களின் வரலாற்றைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பவர்கள் நாம். எடுத்து, பிரித்து, எண்ணெய் தடவி, படித்து வந்த ஏடுகள் நின்றன. பக்தியோடு கட்டிப் பரணில் வைத்தவை செல்லரித்தன. கறையானுக்கு ஏடும் பலகையும் ஒன்றுதான்.

சுவருக்குள் புகுந்த நீர் என்ன செய்யும் என்பதற்கு நியூசிலாந்தில் பெரிய சான்று உண்டு. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் அங்கே எழுப்பப்பட்ட ஏராளமான வீடுகளில், இடைவெளியின்றிப் பூசப்பட்ட வெளிச்சுவர்களுக்குப் பின்னால் நீர் தங்கி, பதப்படுத்தப்படாத மரச்சட்டகங்கள் உக்கின. 2009இல் அந்நாட்டு அரசுக்காகச் செய்யப்பட்ட மதிப்பீடு, பாதிக்கப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 42,000 என்றும், சீர்செய்யும் செலவு 1,130 கோடி நியூசிலாந்து டொலர் என்றும் கணக்கிட்டது. அவை புதிய வீடுகள். கட்டுமான முறையும் வேறு. இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஈரத்தின் விதி ஒன்றே. போகும் வழி இல்லாத நீர் மரத்தைத் தின்னும்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது ஈயம் பற்றியது. பழைய வர்ணங்களில் ஈயம் உண்டு என்பது உண்மை. 1970க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் அது இருக்கிறதென்றே கொண்டு நடப்பது அறிவு. இந்த அறிவு பிறந்ததும் பலகை வீடுகளின் நடுவேதான். குயீன்ஸ்லாந்து மாநிலத்தின் பிரிஸ்பேனில் குழந்தைகளைத் தாக்கிய ஈய நஞ்சுக்கு வீட்டு வர்ணமே மூலம் என்று, விறாந்தைக் கம்பிகளைச் சுட்டி, கண் மருத்துவர் லொக்ஹார்ட் கிப்சன் 1904இல் எழுதினார். குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈய வர்ணம் பூசுவதைக் கட்டுப்படுத்தி அம்மாநிலம் 1922இல் சட்டம் இயற்றியது. இவ்வளவு பழைய உண்மையை வைத்துக்கொண்டு, 'சுரண்டினால் ஆபத்து, ஆகவே மூடுங்கள்' என்கிறார்கள். மூட வரும் ஆள் அந்த ஈய வர்ணத்தின்மீதுதான் நூற்றுக்கணக்கான ஆணிகளை அறையப் போகிறார் என்பதைச் சொல்வதில்லை. உறுதியாய் ஒட்டியிருக்கும் பழைய வர்ணத்தைச் சுரண்டத் தேவையில்லை. அதன்மேல் பூசினாலே அது அடங்கிவிடும். உரிந்த இடத்தை மட்டும், முதலில் சோதித்து, தரையில் பிளாஸ்ரிக் விரித்து, தகுந்த முகமூடி அணிந்து, நனைத்துத் தேய்க்கவேண்டும். உலர் நிலையில் இயந்திரத்தால் தேய்ப்பதும் தீயால் வாட்டுவதும் கூடவே கூடாது. குழந்தைகள் அங்கே நடமாடக்கூடாது. ஈயம் கவனத்தைக் கேட்கிறது; போர்வையைக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். போர்த்தும் யோசனை புதியதன்று. சென்ற நூற்றாண்டில் இதே பலகை வீடுகள்மீது செங்கல்லைப்போல் தோற்றமளிக்கும் தகடுகளை ஒட்டினார்கள். அவற்றுள் சிலவகைகளின் பின்பலகையில் அஸ்பெஸ்டோஸ் இருந்தது. 'பராமரிப்பே வேண்டாம்' என்ற ஆசையின் விலையை அடுத்த தலைமுறை கட்டியது. 2003 டிசம்பர் 31இல் அவுஸ்திரேலியா முழுவதும் அஸ்பெஸ்டோஸ் தடைசெய்யப்பட்டது. ஒட்டியவை ஒட்டியபடியே பல சுவர்களில் இருக்கின்றன. வினைலும் அதே நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. நிரந்தரம் என்ற சொல்லை நம்பாதீர்கள் என்கிறோம். வினைலும் வெளிறும், வெயிலில் நொய்யும். ஒரு துண்டு உடைந்தால் அதே அச்சில், அதே நிறத்தில் மாற்றுத்துண்டு கிடைக்குமென்பதற்கு உத்தரவாதமில்லை. பலகை உடைந்தால் தச்சர் ஒருவர் போதும்.

'போர்த்தினால் வீடு குளிராது' என்கிறார்கள். வெப்பத்தைக் காப்பது நல்ல நோக்கமே. அதற்கு முதலில் பார்க்கவேண்டியவை உட்கூரையும் தரையின் அடிப்பக்கமும் கதவு யன்னல் இடுக்குகளும். சுவருக்குத்தான் வேண்டுமென்றால் பலகையைக் கழற்றும்போதோ உட்சுவரைப் பிரிக்கும்போதோ அதைச் செய்யலாம். பெரும்பகுதிப் பலகைகள் உண்மையிலேயே உக்கிப்போன வீடுகளுக்கு நம் வாதம் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அங்கே அனைத்தையும் கழற்றி, சட்டகத்தைப் பார்த்துச் சீர்செய்து, நீர் வடியவும் காற்றோடவும் இடைவெளி விட்டுப் புதிய பலகை அறையட்டும். அது வைத்தியம். பழையதைப் பார்க்காமலே அதன்மேல் அறைவதைத்தான் எதிர்க்கிறோம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில், நம்மவர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. அது வெட்கம். யாழ்ப்பாணத்தில் 'கல்வீடு' என்பது கட்டடத்தின் பெயர் மட்டுமன்று, அந்தஸ்தின் பெயர். சீதனப் பேச்சில் அச்சொல்லுக்கு இருந்த எடை நாம் அறிந்ததே. மண்ணும் ஓலையும் விட்டுக் கல்லுக்கு ஏறியவர்கள், கடல் கடந்து வந்து பலகைக்கு இறங்கிவிட்டதாகத் தமக்குள் எண்ணிக்கொள்கிறார்கள். வந்து பார்க்கும் உறவினர் சுவரைத் தட்டிப் பார்த்து, "பெட்டிபோல இருக்கு" என்று சிரித்தால் முகம் சுருங்குகிறது. வெட்கத்தை விற்பனையாளர் நன்றாக மோப்பம் பிடிப்பார். ஆனால் கல்வீட்டின் பெருமையே அது கல்லாக இருப்பதில்தான் இருந்தது. கல்லைப்போல் நடிக்கும் பிளாஸ்ரிக்குக்கு அந்தப் பெருமை எப்படி வரும்? ஊரில் சுண்ணாம்புச் சுவருக்குத் தைக்கும் தீபாவளிக்கும் வெள்ளையடித்தபோது அதை யாரும் தொல்லை என்று சொல்லவில்லை. வீடு என்றால் வெள்ளையடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாம் செய்யவிருப்பது இது. முதலில் பீலியைத் துப்புரவாக்கி, சுவரையொட்டிய மண்ணை வெட்டி இறக்குவோம். திருப்புளி முனையால் ஒவ்வொரு பலகையையும் குத்திப் பார்த்து, உள்ளே இறங்கும் பலகையை மாற்றுவோம். புதிய பலகையின் வெட்டுமுனைகளுக்கு அடிப்பூச்சுக் கொடுத்த பிறகே அறைவோம், ஏனெனில் மரம் நீரை அதிகம் குடிப்பது முனை வழியாகத்தான். பலகைகள் படியும் இடுக்குகளைப் பசையால் அடைக்கமாட்டோம். அது சுவரின் மூச்சு. பிறகு அடிப்பூச்சு, அதன்மேல் இரண்டு தடவை மேற்பூச்சு. இந்நாட்டில் உச்சி வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. எனவே வடக்கும் மேற்கும் முதலில் தேயும். தெற்குச் சுவர் காத்திருக்கும். ஏறத்தாழப் பத்தாண்டில் மறுபடியும் ஏணி வைக்கவேண்டி வரும். வைப்போம்.

பத்தாண்டுக்கொருமுறை தன் வீட்டுச் சுவரை அடிமுதல் முடிவரை கையால் தொட்டுப் பார்க்கும் கட்டாயத்தைத் தொல்லை என்று சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. வீட்டுக்கு உரியவர் என்ற சொல்லுக்கு அதைவிடக் குறைந்த பொருள் இருக்க முடியாது.