அழிப்பானும் மீட்டமைக்கும் பொத்தானும்

கடந்த பள்ளி விடுமுறையில் உள்ளங்கையளவே உள்ள ஒரு கருவியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அதைப் பற்றி எழுதத்தான் அமர்ந்தேன். எழுத எழுத அது என் வகுப்பறையைப் பற்றியதாகவும் ஆகிவிட்டது. பொறுத்தருள்க.

என் அம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. சுங்கை சிப்புட்டில் தனியாக வாழ்கிறார். நான் கிள்ளானில் இருக்கிறேன். "இங்கே வந்து விடுங்கள்" என்றால், "என் கோழிகளை யார் பார்ப்பது?" என்பார். இவ்வாண்டின் தொடக்கத்தில் நள்ளிரவில் குளியலறைக்குச் செல்லும்போது இருட்டில் கால் இடறி விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆனால் விடியும் வரை அவர் தரையிலேயே இருந்திருக்கிறார் என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரியும். அதன் பிறகு எனக்கு இரவுத் தூக்கம் சரியாக இல்லை.

ஆகவேதான் திறன் இல்லக் கருவி ஒன்றை வாங்கினேன். 'ஸ்மார்ட் ஹோம் ஹப்' என்றால் எல்லாருக்கும் விளங்கும். நடைவழியில் ஓர் அசைவு உணரி, படுக்கையறையில் ஒன்று, வாசற்கதவில் ஒன்று. அம்மா எழுந்து நடந்தால் விளக்கு தானே எரியும். காலை எட்டு மணி வரை வீட்டில் அசைவே இல்லையென்றால் என் கைப்பேசிக்குச் செய்தி வரும். இவற்றையெல்லாம் ஒருங்கிணைப்பது அந்த ஹப். அது இயங்காவிட்டால் மற்றவை வெறும் நெகிழித் துண்டுகள்.

அது இயங்கவில்லை.

மின்சாரம் கொடுத்தவுடன் மஞ்சள் விளக்கு எரிந்தது. சற்று நேரம் சிமிட்டியது. ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் வரவேற்றது. பிறகு விளக்கு அணைந்தது. மீண்டும் மஞ்சள், மீண்டும் சிமிட்டல், மீண்டும் வரவேற்பு! மூன்றாம் முறை அந்தக் குரலைக் கேட்டபோது அம்மா, "இவள் வருவதும் போவதுமாக இருக்கிறாளே, உட்கார மாட்டாளா?" என்றார்.

அன்று மாலை நான் செய்தவற்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். கருவியின் அடியில் உள்ள சிறு துளையில் ஊசியைக் குத்தி ஆலை அமைப்புக்கு மீட்டேன். ஒரு முறையல்ல, நான்கு முறை. கைப்பேசியில் இருந்த செயலியை நீக்கி மறுபடியும் பதிவிறக்கினேன். மோடத்தை அணைத்து எழுப்பினேன். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்று எங்கோ படித்த நினைவு வந்தது. உடனே மோடத்தின் அமைப்புக்குள் நுழைந்து அலைவரிசைகளைப் பிரித்தேன். அந்த வேகத்தில் கடவுச்சொல்லையும் மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்று இன்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

விளைவு? ஹப் எழவில்லை. அதோடு அம்மாவின் கைப்பேசியும் இணையத்தை இழந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பினாங்கிலுள்ள என் சின்னம்மாவோடு முகம் பார்த்துப் பேசுவது அவருடைய அன்றாட வழக்கம். அன்று அது இல்லை. "எனக்கு இந்தப் பெட்டி வேண்டாம், ஐயா. விளக்கைப் போட்டுக்கொண்டே படுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். ஒரு கோளாறோடு வந்தவன் இரண்டாக்கி விட்டேன்.

என் மகன் படிவம் ஒன்றில் பயில்கிறான். மாலை முழுவதும் அருகிலேயே நின்றான். இடையில் ஒரு முறை, "அப்பா, பெட்டியில் வந்த வயரைப் போட்டுப் பார்த்தோமா?" என்று கேட்டான். "விளக்கு எரிகிறதே, கரண்டு இருக்கிறதுதானே! சும்மா இரு" என்று அதட்டினேன். வகுப்பில் எத்தனை பிள்ளைகளிடம் இதே தொனியில் பேசியிருப்பேனோ தெரியவில்லை.

மறுநாள் காலை நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் ஒரு தாளில் எண்களை எழுதி வைத்திருந்தான். 40, 38, 41, 40. குரல் கேட்டதிலிருந்து விளக்கு அணையும் வரை எத்தனை விநாடிகள் என்று கைப்பேசியில் கணக்கிட்டிருக்கிறான். "ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறது, அப்பா. அப்படியென்றால் அந்த இடத்தில் அது ஏதோ செய்யப் பார்க்கிறது" என்றான்.

இணையத்தில் வாங்கிய அந்தக் கருவியோடு வந்த மின்னேற்றி தட்டையான இரு முனை உடையது. நம் நாட்டு மும்முனைச் சுவர்ச் செருகியில் அது நுழையாது. கம்பியும் ஒரு மீட்டர்தான், அலமாரிக்கு எட்டவில்லை. ஆகவே அம்மாவின் மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கைப்பேசி மின்னேற்றியையும் மூன்று மீட்டர் மெல்லிய கம்பியையும் மாட்டியவன் நானேதான். செய்துவிட்டு மறந்தும் போனேன். பழையதன் முதுகில் பொடி எழுத்தில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தது. பெட்டியில் வந்ததிலோ 5 வோல்ட், 2 ஆம்பியர்.

குழாய் நீரை எண்ணிப் பாருங்கள். மெல்லிய குழாயில் ஒரு தண்ணீர்க் குவளையை நிரப்பலாம். துணி துவைக்கும் இயந்திரமும் அதே குழாயில் நீரெடுக்கத் தொடங்கினால் வேகம் விழுந்துவிடும். கருவியும் அப்படியே. விளக்கை எரிக்கச் சிறிதளவு மின்சாரமே போதும். அருகலையை எழுப்பி, செயலி முழு வேகத்தில் இயங்கத் தொடங்கும்போது அது அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. நீண்ட மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறைகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் கருவி தன்னைத்தானே நிறுத்தி மீண்டும் தொடங்குகிறது. விளக்கு எரிகிறது என்பது மின்சாரம் போதும் என்பதற்குச் சான்றாகாது!

மாற்றுச் செருகி ஒன்றை வாங்கி வந்து, பெட்டியில் வந்த மின்னேற்றியையும் கம்பியையும் மட்டும் மாட்டினோம். வேறெதையும் தொடவில்லை. அலமாரிக்கு எட்டாததால் ஹப் தரையில் அமர்ந்தது. நாற்பது விநாடி கடந்தது, ஐம்பது கடந்தது. பிறகு மென்பொருளைப் புதுப்பிக்கத் தொடங்கியது. இருபது நிமிடம் மஞ்சள் விளக்கு அசையாமல் நின்றபோது மறுபடியும் என் கை செருகியை நோக்கிப் போனது. மகன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். புதுப்பிக்கும் நடுவே மின்சாரத்தைத் துண்டித்தால் கருவி நிரந்தரமாகவே கெட்டுப்போகலாம். விளக்கு வெள்ளையானது. அத்தோடு அவன் விடவில்லை. பழைய மின்னேற்றியை மீண்டும் மாட்டி, கருவி மறுபடியும் விழுந்து எழுவதைக் காட்டிய பிறகே நம்பினான். பிற்பாடு சிரிம் முத்திரையுள்ள 2 ஆம்பியர் மும்முனை மின்னேற்றி ஒன்றையும் தடித்த கம்பியையும் வாங்கிப் பொருத்தினோம்.

இப்போது நண்பர்களே, என் மனத்தைக் குடைவது இதுதான். ஐந்தாம் ஆண்டு அறிவியலில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஊசலின் நீளத்தை மாற்றினால் குண்டின் எடையை மாற்றாதே என்று தொண்டை வறளச் சொல்கிறேன். சொந்த வீட்டில், சொந்தத் தாயின் பாதுகாப்பு என்று வந்தபோது ஒரே மாலையில் ஐந்தாறு மாறிகளை மாற்றினேன். அதைவிட மோசமானது அந்த ஊசித் துளை. மீட்டமைக்கும் பொத்தானை அழுத்துவது ஏதோ செய்துவிட்ட நிறைவைத் தருகிறது. உண்மையில் அது தடயத்தை அழிக்கிறது. கருவி எதுவரை வந்தது, எங்கே நின்றது என்ற பதிவெல்லாம் போய்விடும். பிழை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நம் பிள்ளைகளின் கையில் உள்ள அழிப்பானும் இதே வேலையைத்தான் செய்கிறது என்பது என் கருத்து. பள்ளி திறந்த முதல் வாரம், பின்னக் கணக்கு. மூன்றில் இரண்டையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். ஒரு மாணவி நான் அருகில் வருவதைக் கண்டதும் தாள் கிழியும் அளவுக்கு அழித்தாள். அழிந்தும் அழியாமலும் ஏழில் மூன்று என்று தெரிந்தது. மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டியிருக்கிறாள். அவள் எதைப் புரிந்துகொள்ளவில்லை என்பதை அந்த ஒரு விடை எனக்குச் சொல்லிவிட்டது. முழுதும் அழிந்திருந்தால் சரியான விடையைப் பலகையிலிருந்து பார்த்தெழுதியிருப்பாள். நானும் சரி போட்டுக் கடந்திருப்பேன்.

இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வீட்டுப்பாடத்தில் தவறைக் கண்டதும் தாங்களே அழித்துச் சரியானதைச் சொல்லி எழுத வைக்கும் பெற்றோர் பலர் உண்டு. ஆனால் பயிற்சிப் புத்தகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பிள்ளைகளை அச்சுறுத்தியவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தாமே! யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. சிவப்பு மையைக் கண்ட நடுக்கம் இன்னும் நீங்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாளில் பிழைகளை ஆராய்வது பற்றி நானும் பக்கம் பக்கமாக இடுபணி எழுதி நல்ல புள்ளி வாங்கியவன்தான்.

முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிழையின் பின்னாலும் போக நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றின் பின்னாலும் போக என்னாலும் முடியாது. கணிதப் பாடத்தில் மட்டும் அழிப்பானைப் பென்சில் பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். தவறு என்று தெரிந்தால் ஒரே கோடு, படிக்கும்படியாக. புத்தகங்கள் பார்ப்பதற்கு அழகாக இல்லை. ஒரு தாயார் அழைத்து, "என்ன சார், இப்படி அசிங்கமாக எழுதுகிறாள்?" என்றே கேட்டுவிட்டார். அவரிடம் பேசியபோது இந்த ஹப் கதையைத்தான் சொன்னேன். முழுதாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்வதற்கில்லை.

அம்மாவின் வீட்டில் ஹப்புக்குப் பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறோம். கருவியோடு வந்த கையேட்டில் தமிழ் இல்லை. ஆகவே பேரன் தன் கையாலேயே எழுதினான். வெள்ளை என்றால் நலம். மஞ்சள் என்றால் காத்திருங்கள், மணியைப் பாருங்கள். சிவப்பு என்றால் அப்பாவை அழையுங்கள். எதையும் பிடுங்காதீர்கள்.

சென்ற வாரம் அங்கே பெருமழை, மின்தடை. இரவு ஏழரை மணிக்கு அம்மா அழைத்தார். "கரண்டு வந்துவிட்டது, ஐயா. பெட்டி மஞ்சளாக இருக்கிறது. ஏழே காலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் எதையும் தொடவில்லை." இருவரும் தொலைபேசியை வைக்காமல் காத்திருந்தோம். கோழிகளைப் பற்றிப் பேசினார். ஏழு முப்பத்தைந்துக்கு, "வெள்ளையாகிவிட்டது" என்றார்.