தீர்மான நோட்டில் என்ன இருக்கிறது?

பள்ளி மேலாண்மைக் குழு, கிராம சபை என்று பேச்செடுத்தாலே படித்தவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "கூட்டம் போட்டு என்ன சார் ஆகப்போகுது? பணத்தைக் கொடுங்க, நல்ல அதிகாரியப் போடுங்க, பள்ளிக்கூடம் தானா நிமிரும்." ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெளியூரில் சம்பாதித்துவிட்டு ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கும் நல்ல மனிதர்களும் சொல்கிறார்கள். என் மகள் படித்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இரண்டாண்டுகள் அந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பேச்சு எங்கள் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிறது என்று அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

"கூலி வேலைக்குப் போகிற பெற்றோருக்குப் பள்ளி நிர்வாகம் என்ன தெரியும்?" என்பது அவர்கள் அடுக்கும் முதல் காரணம்.

நான் குழுவில் இருந்த ஓர் ஆண்டு எங்கள் பள்ளிக்கு வரவேண்டிய மானியம் 50,000 ரூபாய். 100 பிள்ளைகளுக்கு மேல் 250 வரை படிக்கும் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அவ்வளவுதான் கணக்கு. முன்சுவருக்கு வண்ணம் அடித்து, பெயர்ப்பலகையைப் புதுப்பிக்கலாம் என்று குழுக் கூட்டத்தில் பேச்சு ஓடியது. நானும் தலையாட்டினேன். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தாய் எழுந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்.

"டீச்சர், பொட்டப்புள்ளைங்க காலையில வீட்டை விட்டுக் கிளம்பினா சாயந்தரம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல. குடிச்சா ஒண்ணுக்கு வரும். அங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும்."

கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. பதிவேட்டில் அந்தக் கழிப்பறை 'பயன்பாட்டில் உள்ளது' என்றுதான் இருந்தது. பார்வையிட வந்தவர்கள் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என் மகளும் அங்கேதான் படித்தாள். எனக்கும் தெரியாது. அன்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஆமாப்பா, நான் சுமதி கதவைப் பிடிப்பேன், அவ என் கதவைப் பிடிப்பா" என்றாள், ஏதோ விளையாட்டைச் சொல்வதுபோல. அடுத்த திங்கட்கிழமை தச்சர் வந்து இரண்டு தாழ்ப்பாள் அடித்துவிட்டுப் போனார். வண்ணம் அடிக்கும் செலவில் அது எந்த மூலைக்கு? இதைக் கண்டுபிடிக்க ஒரு தாய்க்குப் பேச இடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கணக்கு வழக்கு தெரியாது என்கிறார்களே, அதுவும் சரியில்லை. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாநிலம் முழுக்கப் பரவி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கிக் கடன், தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குவது என்று எல்லாம் செய்து பழகிய பெண்கள் இல்லாத தெரு இன்று அரிது. அந்தக் கைகள் பள்ளியின் ரசீது நோட்டை மட்டும் படிக்க முடியாமல் போகுமா?

சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அவர்கள் பொறுப்பு. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை இந்தக் குழு தயாரிக்க வேண்டும், அரசின் திட்டமும் மானியமும் அதன் அடிப்படையிலேயே அமைய வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது தலைவர் பொறுப்பும் ஒரு தாயிடமே போனது. இவ்வளவு அதிகாரத்தைக் கையில் கொடுத்த பிறகும் அதை டீ, பிஸ்கட்டோடு முடிகிற சடங்காக நடத்தினால் குற்றம் பெற்றோருடையதா?

கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் ஆய்வைக் காட்டுவார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் கிராமக் கல்விக் குழுக்களை ஆராய்ந்தார்கள். தாங்கள் குழுவில் இருப்பதே உறுப்பினர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு விவரங்களை எடுத்துச் சொன்ன கிராமங்களிலும் பள்ளியில் பெரிய மாற்றம் வரவில்லை. உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பாதி இருக்கிறது. ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளிக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்த வழிசெய்த இடங்களில், அதில் சேர்ந்த பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். செய்வதற்கு ஒரு வேலையைக் கையில் கொடுத்த இடத்தில் ஊர் முன்வந்தது.

இந்தோனேசியாவில் மத்திய ஜாவா, யோக்யகார்த்தா பகுதிகளில் நடந்த ஆய்வு இதைவிடத் தெளிவாகச் சொல்கிறது. பள்ளிக் குழுவுக்கு மானியம் மட்டும் கொடுத்தார்கள், பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் படிப்பில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. குழுவைக் கிராம மன்றத்தோடு சேர்த்து உட்காரவைத்தபோது படிப்பு முன்னேறியது. ஆக, ஆய்வுகள் கூட்டத்தைக் குறை சொல்லவில்லை. அதிகாரமில்லாத கூட்டத்தைத்தான் குறை சொல்கின்றன.

"புரவலர்கள் பணம் கொடுத்தால் போதும்" என்ற வாதத்துக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். நிலமாகவும் மேசை நாற்காலியாகவும் பணமாகவும் அவரவர் தருவதை ஊரறியத் தந்தார்கள். பட்டியலுக்குப் பிறகே நன்கொடை. இப்போது பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது. நல்ல மனதோடு வாங்கித் தந்த மின்னணுப் பலகை, வயரிங் சரியில்லாத வகுப்பறையில் உறையோடு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். என்ன வேண்டும் என்று அவரிடம் சொல்ல ஊருக்கு வாய்ப்பில்லாமல் போனதுதான் வருத்தம்.

தவிர, பணம் வரும் வழி அடைபடவும் செய்யும். பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு தரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. தன் பள்ளிக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு வரும் என்று தெரிந்த பெற்றோர்தான் அது வராதபோது கேள்வி கேட்பார்கள்.

அரசியல் புகுந்துவிடும் என்ற பயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சாதி புகும் என்பது மட்டும் மெய்யான கவலை. எங்கள் முதல் கூட்டத்தில் காலனித் தாய்மார்கள் நின்றுகொண்டே இருந்தார்கள், பெஞ்ச் காலியாக இருந்தும். ஆனால் கூட்டத்தை ஒழித்துவிட்டால் அந்த ஆதிக்கம் போய்விடுமா? மூடிய அறையில் இன்னும் வசதியாக நடக்கும். மூன்றாவது கூட்டத்தில், தீர்மானத்தை எல்லோர் முன்பும் உரக்க வாசித்த பிறகே கையெழுத்து என்று முடிவுசெய்தோம். அதன்பிறகு அவர்கள் உட்கார்ந்தார்கள், பேசினார்கள். தாழ்ப்பாளைக் கேட்ட தாய் அவர்களில் ஒருவர்தான்.

பள்ளிக்கு இதை ஒத்துக்கொண்டாலும், பல்கலைக்கழகம் அறிஞர்கள் விஷயம், ஊருக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளம் தாமதமாகி, ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் இறங்கிய நிலையைப் பார்த்தோம். தேர்வுக் கட்டணம் கட்டுகிற குடும்பங்களுக்கு அதன் வரவு செலவை ஆண்டுக்கு ஒரு நாளாவது திறந்த மேடையில் விளக்கியிருந்தால், பள்ளம் இவ்வளவு ஆழமாகும்வரை வெளியே தெரியாமல் இருந்திருக்குமா?

பள்ளிக் கூட்டங்களிலும் மாற்ற வேண்டியவை இருக்கின்றன. எங்கள் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு நடந்தது. கூலிக்குப் போகிற தாய் அந்த நேரத்துக்கு வந்தால் அன்றைய கூலியில் துண்டு விழும். ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டோம், நடக்கவில்லை. பள்ளித் தீர்மானமும் கிராம சபையும் தனித்தனி உலகமாக இருப்பது இன்னொரு குறை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பள்ளியின் தேவையை அங்கே ஒரு பொருளாக வைப்பதற்கு யார் தடை?

கடந்த அக்டோபர் 2 அன்று அதைச் செய்து பார்த்தோம். பள்ளிக்குப் பின்னால் ஏரிக்கரைப் பக்கம் சுற்றுச்சுவர் இல்லை. தாழ்ப்பாளைக் கேட்ட அதே தாய் தீர்மான நோட்டை விரித்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தார். ஊராட்சிச் செயலர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். "எழுதினத ஒருக்கா படிச்சுக் காட்டுங்கண்ணே" என்று கேட்டு, முழுக்கக் கேட்ட பிறகே உட்கார்ந்தார். சுவர் இன்னும் வரவில்லை. ஜனவரி 26 கூட்டத்துக்கு நோட்டை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.