ஆலயக் கதவைத் திறந்தார்கள்... நீதிமன்றம் வரை போனார்கள்! ஒரு சின்ன சபையின் பெரிய கதை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. பாட்டு, ஜெபம், பிரசங்கம், காணிக்கை. முடிந்ததும் ஒரு காபி, நாலு வார்த்தை நலம் விசாரிப்பு, அப்புறம் அவரவர் வீடு. உலகம் முழுக்க எத்தனையோ சபைகளின் ஞாயிறு இப்படித்தான் போகிறது. அமெரிக்காவின் டூசான் நகரில் உள்ள ஒரு சின்ன பிரெஸ்பிட்டேரியன் சபைக்கும் அப்படித்தான் போயிருக்கும். ஆனால், ஒருநாள் அதன் வாசலில் அகதிகள் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து அந்தச் சபையின் ஞாயிறு மட்டுமல்ல, வாரத்தின் ஏழு நாள்களும் மாறிப்போயின.

மூப்பர்கள் கூடி எடுக்கும் முடிவு

அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்கு சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது டூசான். நகரைச் சுற்றிலும் பாலைவனம். அங்கே 1906-ல், டொஹோனோ ஓ'ஓதம் என்ற பூர்வகுடி மக்களுக்காகத் தொடங்கப்பட்டதுதான் சவுத்சைடு பிரெஸ்பிட்டேரியன் சபை. வசதியான சபை அல்ல; ஏழை மக்கள் வாழும் பகுதியில் இருக்கும் ஏழைச் சபை.

'பிரெஸ்பிட்டேரியன்' என்ற பெயருக்கு 'மூப்பர்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்தான் மூலம். சென்னை எழும்பூரில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன்கள் கட்டியதுதான். இந்தப் பிரிவில் பிஷப் கிடையாது. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகரும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். போதகர் தனியாக 'நான் சொல்கிறேன், செய்யுங்கள்' என்று உத்தரவு போட முடியாது. இந்தக் கதையில் இது முக்கியமான விஷயம்.

பாலைவனத்தில் 13 உயிர்கள்

1980-களின் தொடக்கத்தில் மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர். 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோதே பேராயர் ஆஸ்கார் ரொமேரோ சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைகளுக்காகக் குரல் கொடுத்த பேராயருக்கே அந்தக் கதி என்றால், சாதாரண மக்கள் என்ன செய்வார்கள்? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கே ஓடிவந்தார்கள்.

அதே ஆண்டு ஜூலையில், எல்லை தாண்டிவந்த சால்வடோர் மக்களில் 13 பேர் அரிசோனா பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களுக்கு உதவ டூசான் நகரத் திருச்சபைகள் முன்வந்தன. சவுத்சைடு சபையின் போதகர் ஜான் ஃபைஃபும் அதில் இருந்தார். அந்த மக்கள் சொன்ன கதைகளைக் கேட்ட பிறகு, சும்மா இருக்க முடியவில்லை. அரசு அலுவலகத்தின் முன் வியாழன்தோறும் கூடி ஜெபித்தார்கள். காவலில் இருப்பவர்களை ஜாமீனில் எடுக்க நிதி திரட்டினார்கள். சிலர் சொந்த வீட்டையே ஈடாக வைத்தார்கள்.

ஆனால், பலன் மிகக் குறைவு. சால்வடோர், குவாத்தமாலா மக்களின் புகலிட விண்ணப்பங்களில் 3 சதவிகிதம்கூட ஏற்கப்படவில்லை. அந்த அரசுகள் அமெரிக்காவின் நட்பு அரசுகள். 'அங்கே கொடுமை நடக்கிறது' என்று ஒப்புக்கொண்டால், நண்பனைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடுமே!

இன்னொரு ஜிம் கார்பெட்

இந்த நேரத்தில்தான் கதைக்குள் வருகிறார் ஜிம் கார்பெட். புலி வேட்டைக்கார ஜிம் கார்பெட் அல்ல. இவர் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர், கால்நடை வளர்ப்பு பார்த்தவர், தத்துவம் படித்தவர். எல்லையில் பிடிபட்ட ஒரு சால்வடோர் இளைஞர் எங்கே இருக்கிறார் என்று கேட்டு அதிகாரிகளுக்கு போன் செய்தார். "ஜிம் கார்பெட் பேசுகிறேன்" என்று இவர் மிடுக்காகச் சொன்னதும், மறுமுனையில் மளமளவென்று விவரம் வந்து விழுந்தது. அதே பெயரில் டூசானுக்கு ஒரு முன்னாள் மேயர் இருந்ததுதான் காரணம்!

அதன் பிறகு கார்பெட் தாமே அகதிகளை எல்லையிலிருந்து அழைத்துவந்து அடைக்கலம் கொடுக்கத் தொடங்கினார். அவர் வீடு நிரம்பிவிட்டது. "உங்கள் ஆலயத்தில் தங்கவைக்கலாமா?" என்று ஃபைஃபிடம் கேட்டார்.

சட்டப்படி அது குற்றம். போதகர் மூப்பர்கள் முன் விஷயத்தை வைத்தார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு சம்மதம் கிடைத்தது. ஆலயத்திலேயே அகதிகள் தங்கினார்கள். ஞாயிறு ஆராதனையில் அவர்களும் சபையாரோடு உட்கார்ந்தார்கள்.

பூட்டிவைத்த ரகசியம் அல்ல

இதை ரகசியமாகவே தொடர்ந்திருக்கலாம். ஆனால், அதிகாரிகள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டு 'கடத்தல்காரர்கள்' என்று பெயர் வாங்குவதைவிட, ஏன் செய்கிறோம் என்பதை ஊரறியச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். சபையார் கூடி, ரகசிய வாக்கெடுப்பு நடத்தினார்கள். மிகப் பெரும்பான்மை ஆதரவு.

1982 மார்ச் 24. பேராயர் ரொமேரோவின் இரண்டாம் ஆண்டு நினைவு நாள். 'இந்த ஆலயம் இனி மத்திய அமெரிக்காவின் ஒடுக்கப்பட்டோருக்குப் புகலிடம்' என்று பத்திரிகையாளர்கள் முன் அறிவித்தது சவுத்சைடு சபை. 'நாங்கள் சட்டத்தை மீறப் போகிறோம்' என்று அட்டர்னி ஜெனரலுக்கே கடிதம் எழுதினார் ஃபைஃப். அதே நாளில் கலிபோர்னியாவிலும் சில சபைகள் இதேபோல் அறிவித்தன. கத்தோலிக்கர், குவேக்கர், யூதர் என மத எல்லை தாண்டி நாடெங்கும் நூற்றுக்கணக்கான சபைகள் கைகோத்தன.

வேதபாடத்தில் ஒளிந்திருந்த ஒலிப்பதிவுக் கருவி

அரசு வேறு வழியில் உள்ளே வந்தது. உதவ வந்தவர்கள்போல நடித்த உளவாளிகள், உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக்கொண்டு சபைக் கூட்டங்களிலும் வேதபாட வகுப்பிலும் உட்கார்ந்தார்கள். மனம்விட்டு ஜெபித்ததும் பேசியதும் அரசின் பதிவுநாடாவில் ஏறியது.

யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து 'ஆமென்' சொல்கிறவர் உளவாளியாக இருக்கலாம் என்றால், யார் வாய் திறந்து கண்ணீரோடு ஜெபிப்பார்கள்? இந்த உளவால் ஆராதனைக்கு வருவோரின் எண்ணிக்கை குறைந்தது, ஜெபக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன என்று சபைகள் அரசுமீதே வழக்கு தொடுத்தன. அப்படி வழக்குப் போடச் சபைகளுக்கு உரிமை உண்டு என்று 1989-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இதற்கிடையில் 1985-ல் 16 பேர்மீது குற்றச்சாட்டு. அவர்களில் 11 பேர் விசாரணைக் கூண்டில் ஏறினார்கள். எல் சால்வடோரில் என்ன நடக்கிறது என்பதையோ, தங்கள் மத நம்பிக்கையையோ எடுத்துச் சொல்ல நீதிபதி அனுமதிக்கவில்லை. 1986 மே மாதம் ஃபைஃப் உட்பட எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, கார்பெட் விடுவிக்கப்பட்டார். ஆனால், யாருக்கும் சிறை இல்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமே.

சிறு திருப்பம்: அந்தக் 'குற்றவாளி'யைத்தான் 1992-ல் அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை தன் பொதுப் பேரவையின் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே, திருச்சபைகள் தொடுத்த மற்றொரு வழக்கின் சமரசத்தால், நிராகரிக்கப்பட்ட சால்வடோர், குவாத்தமாலா மக்களுக்குத் தங்கள் மனுவை மறுபடி விசாரிக்கக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது.

தண்ணீர் குடங்களும் 461 நாள்களும்

கதை அதோடு முடியவில்லை. 1990-களில் நகரங்களை ஒட்டிய எல்லைகளில் காவல் இறுக, மக்கள் பாலைவனம் வழியாக நடக்கத் தொடங்கினார்கள். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயில். மறுபடியும் மரணங்கள். 2002-ல் சவுத்சைடு சபையில் 'சமாரிட்டன்ஸ்' என்ற குழு உருவானது. தண்ணீர், உணவு, முதலுதவிப் பொருள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலைவனச் சாலைகளில் தன்னார்வலர்கள் சுற்றிவருகிறார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய 'நல்ல சமாரியன்' பெயர், அந்த வேலைக்குப் பொருத்தம்தானே!

2014-ல் நாடு கடத்தும் உத்தரவு வந்த ஒரு தாய், ஆகஸ்ட்டில் இந்த ஆலய வளாகத்துக்குள் அடைக்கலம் புகுந்தார். கணவரும் இரண்டு மகன்களும் அதே ஊரில். வாசலைத் தாண்டினால் கைதாகலாம். சிறிய அறையில் 461 நாள்கள். 2015 நவம்பரில், கைது ஆபத்து இல்லை என்ற நிலை வந்த பிறகே அவர் வீடு திரும்பினார்.

ஆலயம், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் பொதுவாகக் கைது நடவடிக்கையில் இறங்கக் கூடாது என்று 2011 முதல் இருந்துவந்த வழிகாட்டுதலை, 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு திரும்பப் பெற்றுவிட்டது. அன்று சவுத்சைடு மூப்பர்கள் முன் வந்த அதே கேள்வி, இன்று வேறு பல சபைகளின் மேஜைமீது.

சவுத்சைடு ஆலயத்தின் உட்புறம், பூர்வகுடிகளின் வழிபாட்டுக் கூடமான 'கிவா'வின் வடிவத்தில் வட்டமாகக் கட்டப்பட்டிருக்கிறது. வட்டத்தில் முதல் வரிசை, கடைசி வரிசை என்ற பேச்சுக்கு இடமில்லை. நேற்று வந்தவரும் ஒருவரையொருவர் முகம் பார்த்துத்தான் உட்கார வேண்டும்.