புள்ளியளவு நாடும் பெருநாட்டின் நட்பும்

ஒரு நாள் வகுப்பில் உலகப் படத்தை விரித்து நவுரு என்னும் நாட்டைத் தேடினோம். பசிபிக் கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருந்தது. புள்ளியை விடப் பெயர்தான் பெரிதாக அச்சாகியிருந்தது! பரப்பு 21 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 12,000 பேர். சீனாவுக்குள் இதுபோன்ற தீவுகள் சுமார் நாலரை லட்சம் அடங்கும் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆயினும் அத்தனை பெரிய சீனா இத்தீவின் நட்பை நாடியது ஏன்? ஐ.நா. பொதுச் சபையில் 140 கோடி மக்களுக்கும் ஒரே வாக்கு, 12,000 பேருக்கும் ஒரே வாக்கு. 1971-ல் அங்கே சீனாவின் இடம் தைவானிடமிருந்து பெய்ஜிங் அரசுக்குப் போயிற்று. தைவானுக்கு மிஞ்சிய நண்பர்களையும் தன் பக்கம் இழுக்கவே பெய்ஜிங் விரும்புகிறது. அதனோடு உறவு கொள்ளும் நாடு தைவானோடு உறவை முறித்தாக வேண்டும்.

நவுரு 1980-ல் தைவானோடு உறவு கொண்டது. 2002-ல் சீனாவிடம் போயிற்று. 2005-ல் தைவானிடம் திரும்பிற்று. 2024 ஜனவரியில், தைவானில் தேர்தல் முடிந்த இரண்டே நாளில், மறுபடியும் சீனா பக்கம் சாய்ந்தது. "இதென்னடி, காசு கொடுத்தவர் பக்கம் சாய்கிற நாடா?" என்றாள் என் தோழி.

எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. அந்நாட்டின் கதையையும் பார்க்க வேண்டாமா? அங்கே உரத்துக்கு உதவும் பாஸ்பேட் மண் ஏராளமாக இருந்தது. சுமார் அறுபது ஆண்டுகள் வெளியார் அதை வெட்டிக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வயல்களைச் செழிக்க வைத்தார்கள். தீவின் நடுப்பகுதியோ கூரிய சுண்ணாம்புப் பாறைக் காடாயிற்று. 1968-ல் விடுதலை பெற்ற நவுரு, 1989-ல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1993-ல் சமரசமாகி இழப்பீடு பெற்றது. மண் தீர்ந்துகொண்டே வந்தது. விற்பதற்கு வேறென்ன இருக்கிறது, அந்த ஒரு வாக்கைத் தவிர?

தலைவர்கள் மீது தவறே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கையில் பணம் புரண்டபோது மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் கட்டினார்கள். 2004-ல் அதை விற்கும்படி ஆயிற்று. நம் வீடுகளில் அப்பா இப்படிச் செலவு செய்தால் அம்மா சும்மா விடுவாரா?

ஆனால் அவர்களுக்கு ரோஷமே இல்லை என்பதும் பொய். 2018-ல் பசிபிக் தலைவர்கள் கூட்டம் நவுருவில் நடந்தது. சீனப் பிரதிநிதி முறை வருமுன்பே பேச முயன்றபோது, தலைமை வகித்த நவுரு அதிபர் பாரன் வாக்கா இடங்கொடுக்கவில்லை. சீனக் குழுவினர் வெளியேறினார்கள். ஆறு ஆண்டுகள் ஆகுமுன் அதே நாடு சீனாவிடம் நட்புக் கரம் நீட்டியது. மனம் விரும்பித்தான் நீட்டியதா? நட்பை விலைக்குக் கேட்கிற பெரியவரை விட்டுவிட்டு, விற்கிற ஏழையை மட்டும் நாம் ஏன் ஏளனம் செய்கிறோம்?

நவுரு விலகியபின் தைவானுக்கு மிஞ்சியவை 12. "அவற்றுள் ஒன்று நவுருவை விடச் சிறியது, அரைச் சதுர கிலோமீட்டர் கூட இல்லாத வத்திக்கான்" என்றார் சிஸ்டர். வகுப்பில் அப்போதுதான் சிரிப்பு நின்றது.