புனர்வாழ்வு என்ற சொல்லுக்குப் பயந்த வீடு

கிளிநொச்சியில் இருக்கும் என் சின்னம்மா வழக்கமாக இரவில் அழைப்பதில்லை. அன்று பத்து மணிக்குப் பிறகு அழைத்தார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இவனை எங்கையாவது கொண்டுபோய் விடவேணும். என்னால இனி ஏலாது. ஆனா புனர்வாழ்வு எண்டு மட்டும் சொல்லிப்போடாத."

'இவன்' என்பது அவரது இளைய மகன். வயது 24. கஞ்சாவில் தொடங்கி, பெடியள் 'குளிசை' என்று சொல்லும் போதை மாத்திரைகளுக்குப் போய், பிறகு ஹெரோயினுக்கு வந்திருந்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் விற்கப்பட்ட பிறகுதான் வீட்டில் வாய் திறந்து கதைத்தார்கள்.

மூத்த மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 மே மாதம் வட்டுவாகலைத் தாண்டி வந்ததும் சின்னம்மாதான் அவனைக் கையால் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்தார். விசாரித்து, புனர்வாழ்வு கொடுத்து அனுப்பிவிடுவோம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவன் இன்றுவரை வரவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது, அவன் படத்தோடு போய் இருந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தாயிடம் இரண்டாவது பிள்ளையையும் 'புனர்வாழ்வுக்கு' அனுப்புங்கள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

போதைக்கு அடிமையானவர்களுக்கு நாட்டில் சிகிச்சை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். அந்தச் சிகிச்சைக்குப் போகும் வழியில் எங்கள் சனத்தின் முன் என்னென்ன நிற்கின்றன என்பதை, இந்த வீட்டோடு அலைந்த மூன்று வாரங்களில்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

ஒரே சொல், ஒரே முகாம்

போர் முடிந்தபின் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டார்கள். அதைப் பொறுப்பேற்று நடத்திய அதே புனர்வாழ்வுப் பணியகத்திடம்தான் பின்னர் போதைப்பொருள் பாவனையாளர்களும் ஒப்படைக்கப்பட்டார்கள். பொலன்னறுவையின் கந்தக்காடு, வவுனியாவின் பூந்தோட்டம் ஆகிய முகாம்களின் பெயர்கள் இரண்டு காலத்திலும் வருகின்றன.

2022 இல் அரசாங்கம் கொண்டுவந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் இதை எழுத்திலேயே காட்டியது. அதன் முதல் வடிவத்தில் போதைக்கு அடிமையானவர்கள், முன்னாள் போராளிகள், வன்முறைத் தீவிரவாதக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். அது அரசியலமைப்புக்கு முரணானது, திருத்தங்கள் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியது. திருத்தங்களோடு 2023 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டத்தில் வரி மாறினாலும் சின்னம்மாவின் நினைவில் அது மாறவில்லை.

கந்தக்காட்டின் பெயரும் நல்லபடியாக எங்கள் காதுக்கு வரவில்லை. 2022 ஜூன் இறுதியில் அங்கு தடுத்து வைக்கப்பட்டிருந்த ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். அந்த மரணம் தொடர்பில் இராணுவத்தையும் விமானப்படையையும் சேர்ந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். நோயாளிகள் கூட்டமாகத் தப்பியோடும் இடத்தைச் சிகிச்சை நிலையம் என்று எப்படி நம்புவது?

நாங்கள் தட்டிய கதவுகள்

முதலில் தெரிந்த ஒரு பொலிஸ் அலுவலரிடம் போனோம். மரியாதையாகத்தான் கதைத்தார். "முறைப்பாடு ஒண்டு போடுங்கோ. பிடிச்சு நீதிமன்றத்தில நிப்பாட்டினா அவங்களே அனுப்புவாங்கள்" என்றார். 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒருவர் தானாக முன்வந்தும் சிகிச்சை பெறலாம், நீதிமன்றக் கட்டளையின் பேரில் கட்டாயச் சிகிச்சைக்கும் அனுப்பப்படலாம். இரண்டாவது வழி மட்டுமே எங்களுக்குச் சொல்லப்பட்டது.

அது அந்த அலுவலர் ஒருவரின் பிழையல்ல. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் முதல் மாதத்துக்குள்ளேயே 20,000 க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் கவலை தெரிவித்தது. 2025 ஒக்டோபர் 30 இல் இன்றைய ஜனாதிபதி 'முழு நாடுமே ஒன்றாக' என்ற புதிய தேசிய வேலைத்திட்டத்தை ஆரம்பித்து வைத்தார். ஆட்சிகள் மாறினாலும், போதைப்பொருள் என்றதும் எங்கள் கண்ணுக்கு முதலில் படுவது பொலிஸ்தான்.

இரண்டாவதாக, யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு தனியார் இல்லத்துக்குப் போனோம். தகரவேலி, பூட்டிய படலை. மாதப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்குப் பிள்ளையோடு கதைக்க முடியாது. "வைத்தியர் யார்?" என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. "அனுமதிப்பத்திரம் இருக்கோ?" என்று கேட்டதும் முகம் மாறியது. உள்ளே முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பெடியனின் கணுக்காலில் கறுத்த வடு இருந்தது. சின்னம்மா அதைப் பார்த்துவிட்டார். மறுபேச்சில்லாமல் ஓட்டோவில் ஏறிவிட்டார்.

மூன்றாவதாக வந்தது, சந்தையில் ஒருவர் விற்ற தூள். "சோத்தில கலந்து குடுங்கோ, அவைக்குத் தெரியாமலே விடுவினம்." இதை நான் வாங்கவிடவில்லை. குடியை நிறுத்த வைத்தியர்கள் கொடுக்கும் டைசல்பிரம் என்ற மருந்து உண்டு. அது உடலில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சுப் படபடப்பு, வாந்தி, இரத்த அழுத்தம் இறங்குதல் எல்லாம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்கள். பெயர் தெரியாத தூளில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நான்காவது கதவு எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்தது: அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. "அது விசருக்கு மருந்து குடுக்கிற இடமெல்லே?" என்று சின்னம்மா தயங்கினார். அங்கே எங்களிடம் பொலிஸ் கடிதம் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. வைத்தியர் பெடியனோடு தனியாக அரை மணிநேரம் கதைத்தார். என்ன பாவிக்கிறாய், எவ்வளவு, எப்படி, கடைசியாக எப்போது என்று கேட்டாராம். "ஏன் இப்பிடிச் செய்தனி எண்டு மட்டும் கேக்கேல்லை" என்று வெளியே வந்து சொன்னான். மூன்று வாரத்தில் அவன் முழுதாகச் சொன்ன முதல் வசனம் அது.

சித்தப்பாவின் மூன்றாம் நாள்

இந்த அலைச்சலில் நாங்கள் எல்லோரும் ஒன்றைக் கவனிக்கத் தவறினோம். சித்தப்பா மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பிய நாள் தொடக்கம் குடிப்பவர். சாராயத்துக்குக் காசில்லாத நாளில் கசிப்பு. வீட்டில் அதை யாரும் நோயாகக் கணக்கெடுக்கவில்லை. 'மனுசன் குடிப்பார்' என்பதோடு முடிந்துவிடும். மகன் கிளினிக் போகத் தொடங்கியதும், "பெடியனுக்காக நானும் விடுறன்" என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டார். நாங்களும் சந்தோசப்பட்டோம்.

இரண்டாம் நாள் கை நடுங்கியது, உடுப்பு நனைய வேர்த்தது. மூன்றாம் நாள் இரவு வேலியோரம் ஆமிக்காரர் நிற்பதாகச் சத்தமிட்டார். விடியப்புறம் வலிப்பு வந்து விழுந்தார். 1990 இலவச அம்புலன்ஸ் வந்திராவிட்டால் இந்தக் கட்டுரை வேறு விதமாகத்தான் எழுதப்பட்டிருக்கும்.

வைத்தியர் விளக்கினார். பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்த நாட்களில் சித்தம் கலங்கி இல்லாததெல்லாம் தெரியலாம். இதில் உயிர் போகலாம். வைத்தியசாலையில் இதற்கு மருந்து கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, விற்றமின் பி1 ஏற்றிப் பாதுகாப்பாகக் கடக்க வைப்பார்கள். போதை மாத்திரைகளையும் வைத்தியரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக்கூடாது.

ஹெரோயினின் கதை வேறு. நிறுத்தும் நாட்களில் உடல் முறுக்கி வலிக்கும், வயிற்றோட்டம் வரும், நித்திரை போகும். தாங்க முடியாத வேதனை, ஆனால் அதனால் உயிர் போவது அரிது. ஆபத்து பிறகுதான் இருக்கிறது. சில வாரம் நிறுத்தியவர் பழைய அளவை மீண்டும் எடுத்தால் உடல் தாங்காது, மூச்சு நின்றுவிடும். சிறையிலோ முகாமிலோ இருந்து வந்த முதல் நாட்களில் வீட்டார் மிகக் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான். ஐஸ் பாவித்தவர்களுக்கு அதை ஈடுசெய்யும் தனி மருந்து இல்லை. நிறுத்தியதும் வரும் கடுஞ்சோர்விலும் விரக்தியிலும் தற்கொலை எண்ணம் வரலாம், தனியே விடக்கூடாது.

சித்தப்பாவின் வேலியோரம் நின்ற ஆமிக்காரர்களை வைத்தியர் வெறும் பிதற்றலாக எடுக்கவில்லை. நித்திரை, கனவு, வன்னியில் கண்டது எல்லாவற்றையும் பிறகு மெதுவாகக் கேட்டார். அவர் பல ஆண்டுகளாக நித்திரைக்காகத்தான் குடித்திருக்கிறார். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பணியாற்றி, போர் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் காயத்தைத் தொடாமல் போத்தலை மட்டும் பறிப்பதால் பயனில்லை.

எங்கே போகலாம்

எங்களைப்போல் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு, நாங்கள் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் போக வேண்டியது அருகிலுள்ள பெரிய அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மாவட்ட வைத்தியசாலைகளிலும் மனநல சேவை இருக்கிறது. நோயாளி வர மறுத்தாலும் வீட்டார் போய் ஆலோசனை கேட்கலாம். எங்கள் கதை அப்படித்தான் தொடங்கியது.

தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நீண்டகாலமாக உளவளத்துணை வழங்கிவருகிறது. வலிப்பு, மூச்சுத்திணறல், நினைவு தவறுதல் என்றால் யோசிக்காமல் 1990.

தனியார் இல்லம் என்றால் நான்கு கேள்விகள்: அனுமதிப்பத்திரம் எங்கே? எந்த வைத்தியர் பார்க்கிறார்? பிள்ளையை எப்போது பார்க்கலாம்? வெளியே வந்தபின் யார் தொடர்ந்து பார்ப்பார்கள்? ஒன்றுக்கேனும் நேரான பதில் இல்லாவிட்டால் திரும்பி வாருங்கள். கோவிலும் தேவாலயமும் பலருக்குத் தாங்குதடியாக இருந்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை. நேர்த்தி வைப்பவர்கள் கிளினிக் கொப்பியையும் கைவிடாதிருந்தால் போதும்.

எது இல்லை

இவ்வளவும் இருந்தும் சின்னம்மா மூன்று வாரம் அலைந்தார். கட்டுப்பாட்டுச் சபை நீண்டகாலமாக நடத்திவரும் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலிப் பக்கங்களில் இருக்கின்றன. கிளிநொச்சித் தாய் ஒருத்தி பிள்ளையைப் பார்க்க அங்கு எத்தனை தடவை போய்வருவார்? உளவளத்துணை என்பது மொழியால் நடக்கும் சிகிச்சை. தன் கனவைத் தமிழில் சொல்ல முடியாத இடத்தில் பெடியன் என்னத்தைச் சொல்லுவான்? பெண்களின் நிலை இன்னும் மோசம். பாவிக்கும் பெண் ஒருத்தி இருப்பதையே ஊர் ஒத்துக்கொள்வதில்லை.

ஆகவே கேட்க வேண்டியவை பெரிய விடயங்களல்ல. வடக்கிலும் கிழக்கிலும் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ், தமிழில் இயங்கும், தங்கிச் சிகிச்சை பெறும் விடுதிகள் வேண்டும். அங்கு பொறுப்பில் வைத்தியர் இருக்க வேண்டும், சீருடை இருக்கக்கூடாது. வாசலில் 'புனர்வாழ்வு' என்று எழுதாமல் 'சிகிச்சை' என்று எழுதட்டும். தானாக முன்வருபவர்மீது வழக்குப் பாயாது என்ற உறுதியைப் பொலிஸார் ஊரறியச் சொல்லட்டும். எங்கள் அரசியல்வாதிகள் போதைப்பொருளைத் திட்டமிட்ட சதி என்று மேடையில் பேசுகிறார்கள். கடத்தல் எப்படி நடக்கிறது என்று விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் இன்றிரவு வீட்டில் நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரு கட்டில் எங்கே என்று மாகாண சபைக் காலத்திலும் அதன் பிறகும் எத்தனை பேர் கேட்டார்கள்?

தம்பி இப்போது எட்டாவது மாதமாகக் கிளினிக் போகிறான். நடுவில் ஒருமுறை திரும்பவும் பாவித்தான். அன்று சின்னம்மா எல்லாம் முடிந்தது என்று அழுதார். வைத்தியரோ நீரிழிவு நோயாளிக்குச் சீனி கூடினால் மருந்தை மாற்றுவதைப் போல இதையும் பார்க்கச் சொன்னார். அடுத்த கிழமை அவன் தானாகவே பஸ் ஏறினான். சித்தப்பாவும் அதே நாளில்தான் போகிறார். ஒரே கொப்பிப் பையில் இரண்டு பேரின் கொப்பிகளும் இருக்கின்றன.

போன மாதம் நான் போனபோது, மூத்தவனின் படத்துக்குக் கீழே அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. "இவன் காலமை போனா பின்னேரம் வாறான், அது காணும்" என்றார் சின்னம்மா.